ஏழாவது உருண்டை

2025ஆம் ஆண்டு ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். பதினான்கு டிகிரி. காற்று இல்லை. தெருவிளக்கைச் சுற்றி மட்டும் பனி தெரிந்தது. மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் டிராலி ஆட்டோ நின்றிருந்தது. அதில் இரண்டு மலை சைக்கிள்களை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டியவர் என் மச்சான். நான் முடிச்சுகளைச் சரிபார்த்தேன். ஆறு முடிச்சு. அதில் இரண்டு தளர்ச்சி.

மூன்று நாள் பந்தயத்தின் மூன்றாவது நாள் அது. முந்தைய இரண்டு நாட்களில் நூறு கிலோமீட்டர் முடித்திருந்தோம். படுக்கையிலிருந்து எழும்போதே எண்ணிப் பார்த்தேன். வலிக்கிற இடங்கள் பதினொன்று. வலது முழங்காலை ஒன்றாகத்தான் கணக்கில் எடுத்தேன். உண்மையில் அது இரண்டு இடத்தில் வலித்தது. உள்ளங்கைகளில் மூன்று கொப்புளம். உட்காரும் இடத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, அறுபத்தொன்று. நான் லாலாகுடா ரயில்வே பட்டறையில் முப்பத்து மூன்று வருடம் சக்கரங்களைச் சோதிக்கிற வேலையில் இருந்தேன். அவர் மல்லாபூரில் ஒரு பம்பு தொழிற்சாலையில் இருந்தார். இருவரும் வேலைக்கு சைக்கிளில் போனவர்கள். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை. அவர் எங்கிருந்தோ பழைய மலை சைக்கிள் இரண்டை வாங்கி வந்தார். அப்படி ஆரம்பித்த தொல்லை இது.

இந்தப் பந்தயத்தில் தனியாக ஓட்ட முடியாது. இருவர் சேர்ந்து ஒரு ஜோடி. ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. ஒருவர் நின்றால் இருவரும் நின்ற கணக்கு. மூன்று நாளும் குறித்த நேரத்துக்குள் முடித்தால்தான் முடித்தவர்கள் பட்டியலில் பெயர் வரும். போன வருடம் இரண்டாம் நாளிலேயே வெளியே போனோம், நான்கு நிமிடத் தாமதத்தில். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று நான் பதினொரு தடவை இறங்கிப் பார்த்தேன். அதனால்தான் என்று மச்சான் ஒரு நாளும் சொன்னதில்லை. என் மனைவி சொல்லியிருக்கிறாள், பல நாள்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த முறை சொல்ல முடியாது. பிப்ரவரியில் மச்சான் பூனாவுக்கு மகள் வீட்டோடு போகிறார். இங்கே அவருடைய ஃபிளாட்டை விற்றாகிவிட்டது. முடிப்பதானால் இன்றைக்கு. இல்லையென்றால் இல்லை.

என் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, அந்த வாட்ச்ச கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னு சொல்றேன். டேய், இத நீ கட்டிக்கினு போ. கேட்டாலும் குடுக்காத. நேத்து முழுக்க டயத்த பார்த்து பார்த்தே பிரேக்க பிடிச்சினு இருந்தாராமே."

"ஹவ் அக்கா," என்று எங்கள் ஊர் இந்தியில் ஆமாம் போட்டார் மச்சான். ஒரு கையில் தன்னுடையதும் மறு கையில் என்னுடையதுமாக இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டார். "இப்ப நான் ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி இருக்கேனா?"

"விழுந்தா போன் பண்ணாதீங்க," என்றாள் மனைவி இருவருக்கும் பொதுவாக. "வந்து சொல்லுங்க."

ஷாமீர்பேட்டையைத் தாண்டிப் போய், பாறைகளும் சீதாப்பழப் புதர்களுமாகக் கிடக்கிற ஒரு பொட்டலில் அன்றைய பாதை. ஒரு சுற்று ஆறரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் ஏழு சுற்று. காலை ஆறரைக்குப் புறப்பட வேண்டும். மதியம் ஒன்றரைக்கு முடிவுக்கோட்டை மூடிவிடுவார்கள்.

சுற்றுகளை எப்படி எண்ணுவது என்பதை நான் முந்தைய நாளே முடிவு செய்திருந்தேன். பட்டறையில் நான் தலைக்குள் எண்ணியதே இல்லை. தலை ஏமாற்றும். யாராவது வந்து டீ குடிக்கக் கூப்பிட்டால் இருபத்திரண்டு இருபத்து மூன்றாகிவிடும். வரிசையில் எத்தனை சக்கரமோ அத்தனை வாஷரை இடது பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். ஒரு சக்கரம் பார்த்து முடித்ததும் ஒரு வாஷர் வலது பாக்கெட்டுக்குப் போகும். இடது பாக்கெட் காலியானால் வேலை முடிந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு சக்கரமும் தப்பியதில்லை.

சைக்கிள் சட்டையில் பாக்கெட் முதுகுப்பக்கம் இருக்கிறது. அதில் வாஷர் போட்டால் குதித்து விழுந்துவிடும். எப்படியும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ஏதாவது தின்றாக வேண்டும். ஆகவே கடலை உருண்டை ஏழு வாங்கினேன். கடைக்காரரை நிற்க வைத்து ஒரே அளவாகப் பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் முறுக்கி வைத்தேன். சுற்று முடியும் இடத்தில் நிற்கிற தோரண வளைவுக்கு அடியில் கடக்கும்போது ஒன்று. பாக்கெட் காலியானால் பந்தயம் முடிந்தது. இதை மச்சானிடம் விளக்கவில்லை. அவர் எதையும் எண்ணாத மனிதர். நான் எண்ணுகிறேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அது போதும் என்று இருவருமே நினைத்தோம்.

முதல் சுற்று பனியில் போனது. பாறைகள் ஈரமாக இருந்தன. இரண்டாவது சுற்றில் வெயில் வந்தது. பாதை தெரிவதற்காகப் புதர்களில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அந்தச் சுற்றில் அவற்றை எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. கண்ணில் பட்டது, எண்ணினேன்.

மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எனக்கு எதுவும் வரிசையாக ஞாபகமில்லை. மேடு ஒன்று இருந்தது. யானையின் முதுகுபோல வழுக்கையான பாறை. அதில் ஓட்ட முடியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் என் முழங்கால் மடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் மச்சான் தன் சைக்கிளை ஒரு கையால் இழுத்துக்கொண்டு மறு கையை என் முதுகில் வைத்துத் தள்ளினார்.

"டயம் இன்னா?" என்று கேட்பேன்.

"நக்கோ மாமா, வேணாம். அக்கா சொல்லியிருக்குது."

"சும்மா ஒரு தடவ சொல்லு."

"இருக்குது, இருக்குது. நடங்க."

ஒரு சுற்றில் ஆடுகள் குறுக்கே வந்தன. முப்பத்தொன்று. ஒரு சுற்றில் நான் வாந்தி எடுத்தேன். எந்தச் சுற்று என்று கேட்டால் சொல்ல முடியாது. வளைவுக்கு அடியில் கடக்கும் போதெல்லாம் கையுறையோடு முதுகுக்குக் கையை விட்டு ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டேன். மெல்ல எச்சில் இல்லை. தண்ணீரை ஊற்றி விழுங்கினேன். அந்த உருண்டைகள் இல்லையென்றால் ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது.

அப்படி ஒரு தடவை வளைவுக்கு வரும்போது கையை விட்டேன். ஒன்று இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி கையை விட்டுத் துழாவினேன். வேறு எதுவும் இல்லை.

முடிந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனிமேல் மிதிக்க வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். வளைவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் அடுத்த சுற்றுக்கு. இடது பக்கம் முடித்தவர்களுக்கு. நான் இடது பக்கம் திருப்பினேன். மச்சான் ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினேன். வலது ஷூவின் நாடாவில் கை வைத்தபோது, நேரம் குறிக்கிற மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பட்டியல்.

"அங்கிள், இன்னும் ஒரு ரவுண்டு இருக்கிறது," என்றாள் இந்தியில்.

"ஏழு முடிந்துவிட்டது," என்றேன்.

"ஆறு."

"நான் எண்ணியிருக்கிறேன், அம்மா."

"மெஷினும் எண்ணியிருக்கிறது, அங்கிள்."

நான் முப்பத்து மூன்று வருடத்தைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினேன். ஏழு காகிதம் இருக்க வேண்டும் என்று சைக்கிள் பைக்குள் கையை விட்டேன். காகிதங்களைக் கீழே போடாமல் அங்கேதான் திணித்திருந்தேன். எடுத்து மேசையில் அடுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு இருந்தது. மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

மச்சான் தன் தலைக்கவசத்தைக் கழற்றி அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா."

"இன்னா?"

"அந்த வழுக்கப் பாறையில உங்கள தள்ளிக்கினு வந்தேன் இல்ல? நாலாவது தடவையோ என்னமோ. பசி தாங்கல. கைக்கு நேரா இருந்துது. ஒண்ணு எடுத்துகினேன்."

"எடுத்து?"

"தின்னுட்டேன்."

"சொல்றதுக்கு இன்னா?"

"ஒரு கடல உருண்டைக்கு யாராவது சொல்லிட்டு எடுப்பாங்களா மாமா? நான் மல்லாபூர்ல முப்பது வருஷம் அடுத்தவன் டிபன்லதான் கை வெச்சேன்."

"நீ எண்ணலயா? எத்தன ரவுண்டு வந்தோம்னு உனக்குத் தெரியாதா?"

"நீங்க எண்ணுவீங்கன்னுதான் நான் எண்ணல."

கடிகாரத்தைக் கேட்டேன். இந்தத் தடவை கழற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு முப்பத்தொன்று. இன்னும் ஐம்பத்தொன்பது நிமிடம். கடைசியாக முடித்த சுற்றுக்கு எங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். பட்டியலைப் பார்த்து, அறுபத்தாறு நிமிடம் என்றாள்.

கணக்கு முடிந்துவிட்டது. அறுபத்தாறு ஐம்பத்தொன்பதுக்குள் போகாது. "விலகிக்கொள்கிறோம்," என்றேன்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். "இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்."

நான் போட்டேன். பேனாவை மச்சானிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் போடமாட்டேன்."

"டேய், கணக்கு வரலடா." கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் டா போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன்.

"வராட்டி போவுது. ஒண்ணரைக்கு அவங்களே மூடட்டும். நாம ஏன் மூடிக்கணும்? போன வருஷமும் அவங்கதான் மூடினாங்க." குனிந்து என் இடது ஷூவை எடுத்தார். "காலக் குடுங்க."

"நானே போட்டுக்கிறேன்."

"உங்களால குனிய முடியாது. குடுங்க."

அந்தப் பெண் பேனாவையும் தாளையும் திரும்ப எடுத்துக்கொண்டாள். என் கையெழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தாள். மச்சான் என் ஷூவை மாட்டிவிட்டு, பையிலிருந்து பழைய டியூப் ஒன்றை எடுத்தார். ஒரு முனையை அவருடைய சீட்டுக்குக் கீழே கட்டினார், மறு முனையை என் ஹாண்டில்பாரில். ஜோடியாக ஓட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் இழுக்கலாம். விதியில் தடை இல்லை. இரண்டு நாளாக அவர் கேட்டும் நான் மறுத்த விஷயம் அது. இந்தத் தடவை முடிச்சை நான் சோதிக்கவில்லை. புறப்படும்போது பன்னிரண்டு முப்பத்தைந்து. மீதி ஐம்பத்தைந்து நிமிடம்.

அப்போதுதான் அந்த நாடாக்கள் நினைவுக்கு வந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு. நிமிடத்துக்கு நான்கு என்றால் ஐம்பத்து மூன்று நிமிடம்.

"நிமிஷத்துக்கு நாலு நாடா," என்று முன்னால் கத்தினேன்.

"சொல்லிக்கினே வாங்க. நான் மிதிக்கிறேன்."

அந்தச் சுற்றில் நான் செய்தது இரண்டே வேலை. மிதித்தேன், எண்ணினேன். அறுபதாவது நாடாவில் பன்னிரண்டு ஐம்பத்தொன்று. ஒரு நிமிடம் பின்னால் இருந்தோம். டியூப் விறைப்பாக இழுக்கும்போது என் சைக்கிள் தானாகப் போவதுபோல இருக்கும். அவர் மூச்சு வாங்கித் தளரும்போது அது தொய்ந்து என் முன்சக்கரத்தில் உரசும். அவர் முதுகு முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஐந்து வருடமாக அந்த முதுகை எனக்கு முன்னால் பார்த்து வந்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு தடவையும் யோசித்ததில்லை.

வழுக்கைப் பாறையில் டியூபை அவிழ்த்து, இறங்கித் தள்ளினோம்.

"பூனாவுல மேடு நிறைய இருக்குதாம் மாமா," என்றார் மூச்சுக்கு நடுவில்.

"எல்லா ஊர்லயும் இருக்குது."

"பஞ்சர் ஒட்டத்தான் ஆள் தேடணும்."

"உன் பொண்ணு வீட்ல சைக்கிள் வைக்க எடம் இருக்குதா?"

அவர் சைக்கிளை ஓர் அடி மேலே தள்ளினார். நூற்றுப் பத்தாவது நாடா பாறையின் உச்சியில். மணி ஒன்று ஆறு. மூன்றரை நிமிடம் பின்னால். அதை அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் மறைத்த ஒரே எண் அது.

இறக்கத்தில் டியூப் கட்டவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாக நான் பிரேக்கைப் பிடிக்காமல் இறங்கினேன். தைரியம் எல்லாம் இல்லை. விரல்கள் மடங்கவில்லை. புதர்கள் கையில் கீறின. நூற்று எழுபதாவது நாடாவில் ஒன்று பதினேழு. அரை நிமிடம் முன்னால்.

"நாம முன்னால இருக்கோம்," என்றேன்.

"அப்ப இதுக்கு முன்னாடி பின்னால இருந்தோமா?"

"ஆமா."

"சொல்லாம இருந்தீங்க பாருங்க. பெரிய மனுஷர் நீங்க."

இருநூற்றிரண்டாவது நாடாவில் அவர் கத்தினார். கெண்டைக்காலில் பிடிப்பு. சைக்கிளோடு பக்கவாட்டில் சாய்ந்து புதரில் விழுந்தார். கால் கட்டைபோல விறைத்திருந்தது. தேய்த்துவிடப் போனேன். தொடவிடவில்லை.

"நீங்க போங்க மாமா. ஒண்ணு இருபத்து மூணு. உங்களுக்கு டயம் இருக்குது."

"நான் மட்டும் போயி இன்னா பண்றது? ரெண்டு நிமிஷத்துக்குள்ள நீ வரணும்."

"வந்துடுவேன்."

"நீ எந்தக் கணக்குல சொல்ற? எழுந்திரு."

மீதி பத்து நாடா. முந்நூறு மீட்டர். அவருடைய சைக்கிளை என் இடது கையிலும் என்னுடையதை வலது கையிலும் பிடித்துக்கொண்டேன். அவர் என் முதுகில் கை வைத்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். நடுவே அவர் கை என் பாக்கெட்டில் பட்டது.

"பாக்கெட்ல இருந்து கைய எடு."

"காலிதான மாமா."

சிரித்தால் முழங்கால் வலித்தது. சிரிக்காமல் நடந்தேன். வளைவுக்கு அருகில் யாரும் கைதட்டவில்லை. முன்னால் முடித்தவர்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு பக்கத்துக் கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் மேசையிலிருந்து எழுந்து நின்றாள். கோட்டைக் கடந்தபோது என் கடிகாரத்தில் ஒன்று இருபத்தெட்டு. அவள் பட்டியலில் எழுதி, திருப்பிக் காட்டினாள். மூன்று நாளும் முடித்த ஜோடிகள் நாற்பத்தொன்று. நாங்கள் நாற்பத்தோராவது. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மோர் கொடுத்தார்கள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் கொட்டியது. உருண்டைக் காகிதங்கள் ஆறும் மேசையில் அப்படியே இருந்தன. எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எங்கள் இருவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"முடிச்சீங்களா?"

"முடிச்சோம்," என்றேன். "உன் தம்பி ஒரு உருண்டைய திருடித் தின்னுட்டான்."

"அதுக்கா நொண்டிக்கினு வரான்?" என்றாள். தம்பிக்கு முதலில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். எனக்கு அப்புறம்.

மச்சான் பிப்ரவரியில் போய்விட்டார். பூனாவில் மகளுடையது ஒன்பதாவது மாடி. சைக்கிள் வைக்க இடம் இல்லை. அது எங்கள் வீட்டு பால்கனியில் தொங்குகிறது. வாரத்துக்கு ஒரு முறை அதன் டயருக்குக் காற்று அடிக்கிறேன். ஓட்டாத சைக்கிளுக்கு எதற்கு என்று மனைவி கேட்கிறாள். டயர் வெடித்துப்போகும் என்கிறேன்.

செலவை எழுதி வைத்திருந்தேன். என் பங்கு நுழைவுக் கட்டணம் ஒன்பதாயிரம். பின் டயர் இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. பிரேக் கட்டைகள் ஆயிரத்து நானூறு. மூன்று நாள் டிராலி ஆட்டோ ஆயிரத்து எண்ணூறு. முழங்காலுக்குப் பயிற்சி ஆறு நாள், மூவாயிரம். கட்டுத்துணியும் களிம்பும் முந்நூற்று எண்பத்தைந்து. சைக்கிளைத் தொங்கவிட இரும்புக் கொக்கி, ஆள் கூலியோடு முந்நூற்று நாற்பது. கடலை உருண்டை, ஒன்று ஆறு ரூபாய். அன்றைக்கு நான் தின்றது ஆறு என்பதால் முப்பத்தாறு என்று எழுதியிருந்தேன். நேற்று மாலை பால்கனியில் காற்று அடித்து முடித்ததும் நோட்டை எடுத்து, அதை அடித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று திருத்தினேன். மொத்தம் பதினெட்டாயிரத்து அறுநூற்றுப் பதினேழு ரூபாய்.